மரக்காலைக்குப் போகுமுன்: வாசகர் கேள்வி – பதில்

மரம் வாங்குவது, அரிவது, காயவைப்பது, பூச்சியிலிருந்து காப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். "எந்த மரம் திறம்?" என்று மட்டும் கேட்டு வந்தவற்றைத் தள்ளி வைத்திருக்கிறோம். என்ன வேலைக்கு, மழை வெயில் படுமா, நிலத்தில் தொடுமா என்பதையும் சேர்த்து எழுதினால்தான் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

கோண்டாவில் வாசகி: புது வீட்டு முன்கதவு தேக்கு. மாரியில் இறுகி, தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் நிலைக்கும் கதவுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறது. ஓடாவியார் சீவி விடலாம் என்கிறார். சீவலாமா?

மாரியில் சீவ விடாதீர்கள். இப்போது சீவினால் வைகாசியில் விரல் நுழைகிற இடைவெளி வரும். தை, மாசி கழிந்து கதவு தன் இயல்பான அளவுக்கு வந்த பிறகும் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் மட்டும் அந்த இடத்தில் சீவலாம்.

காரணம் இதுதான். காய்ந்த மரமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், திருப்பி விடும். நம் பக்கத்தில் வீட்டுக்குள் இருக்கும் மரத்தின் ஈரம் கோடையின் கடைசியில் ஏறக்குறைய 12 – 13 சதவீதமும், மழை தொடர்ந்தால் 16 – 17 சதவீதமும் இருக்கும். இந்த நாலு சதவீத வித்தியாசத்தில் மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். அகலவாக்கில்தான் அசையும். அதிலும் மரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அசைவு கூட. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறக்குறைய அதில் பாதி.

தேக்கு அசைவு குறைந்த மரம். அப்படியிருந்தும் 30 அங்குல அகலத்துக்குப் பலகைகளை ஒட்டிச் செய்த கதவு இந்த நாலு சதவீதத்தில் 5 மில்லிமீற்றருக்கு மேல் விரியக்கூடும். அதே கதவைச் சட்டமும் நடுப்பலகையுமாகச் செய்தால் அசைவது இரண்டு பக்கத்து நெடுஞ்சட்டங்கள் மட்டும். நாலரை அங்குலச் சட்டம் இரண்டு என்றால் மொத்தம் ஒன்றரை மில்லிமீற்றர் அளவுதான். நடுப்பலகை தன் காடிக்குள் (சட்டத்தில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள்) விரிந்து சுருங்கிக் கொள்ளும். அதற்குக் காடியில் பக்கத்துக்கு 3 மில்லிமீற்றர் இடம் விட வேண்டும், பசை பூசக் கூடாது. பசை போட்டு இறுக்கிய நடுப்பலகை கோடையில் நடுவே வெடிக்கும். அல்லது மாரியில் சட்டத்தின் பொருத்தைத் தள்ளித் திறக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். கதவின் அடி விளிம்புக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைத் தள்ளி வைத்துப் பார்த்தால் அங்கே பெயின்றோ வார்ணிஷோ இருக்காது. மேல் விளிம்பும் அப்படித்தான். கதவை மாட்டிய பிறகு பூசினால் இந்த இரண்டு இடமும் விடுபட்டுப் போகும். நெடுஞ்சட்டத்தின் வெட்டுமுகம் (நாருக்குக் குறுக்கே வெட்டிய முகம்) இருப்பது அங்கேதான், ஈரம் உறிஞ்சுவதும் அங்கேதான் அதிகம். பிணைச்சலைக் கழற்றிக் கதவை இறக்கி, இரண்டு விளிம்புக்கும் மூன்று பூச்சுக் கொடுங்கள். பாதிக் கடிதங்களில் வரும் கதவுப் பிரச்சினை இதோடு அடங்கிவிடும். ஈரம் வந்து போவது நின்றுவிடாது. வேகம் குறையும், ஒரு வார மழையில் கதவு இறுகாது.

புலோலி வாசகர்: ஓட்டு வீட்டுக்குப் பனங்கைமரமும் (கூரையின் சாய்வுச் சட்டம்) சிலாகையும் (ஓடு தாங்கும் குறுக்குச் சட்டம்) போட நினைக்கிறோம். நல்ல பனையை எப்படித் தெரிவது? இப்போதைய பனை உளுத்துப் போகிறதே, ஏன்?

உளுப்பது பனையின் குற்றமல்ல, அரிந்த விதத்தின் குற்றம்.

வேம்புக்கும் முதிரைக்கும் வைரம் (முற்றிய கடும் பாகம்) உள்ளே, வெள்ளை (முற்றாத வெளிறிய பாகம்) வெளியே. பனைக்கு நேர்மாறு. புறக்காழ், அதாவது வைரம் வெளியே உள்ளது, என்று பழைய இலக்கணம் அதைப் புல்லோடு சேர்த்தது தாவரவியலுக்கும் ஒத்துவரும்: பனையில் ஆண்டு வளையம் கிடையாது, அடிமரம் வருஷா வருஷம் பருப்பதும் கிடையாது. இருக்கிற நார்க்கட்டுகளின் சுவர்தான் வயதோடு தடிக்கிறது. ஆகவே முற்றிய பனையில் அடிப்பக்கத்து வெளிவிளிம்பு கல் மாதிரி இருக்கும். மையத்தில் இருக்கும் சோற்றி (பஞ்சு போன்ற மென்பாகம்) எந்த வயதிலும் சோற்றிதான். மேலே போகப் போக விளிம்பும் மெலிந்து விடும். அறுபது, எழுபது வயது ஆகாத பனையைக் கைமரத்துக்கு எடுக்க வேண்டாம்.

மரக்காலையில் அரிந்த துண்டின் வெட்டுமுகத்தைச் சீவுளியால் ஒருதரம் சீவி, நனைத்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரியும், அவைதான் நார்க்கட்டுகள். வெளிப்பக்கத்தில் புள்ளிகள் ஒன்றையொன்று முட்டிக் கொண்டு நிற்கும். உள்ளே போகப் போக விலகி, இடையில் வெளிறிய பஞ்சு தெரியும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு புள்ளியின் அகலத்துக்கு மேல் இடைவெளி வரத் தொடங்கும் இடத்தோடு பாவிக்கக்கூடிய மரம் முடிந்தது. அதற்கு உள்ளே இருப்பதை முழுதாகச் செதுக்கி எறிய வேண்டும். பாரம் கூடக் கிடைக்கிறதே என்று சோற்றியோடு விட்ட கைமரத்தில் பூச்சி அங்கிருந்துதான் தொடங்கும், மழை ஒழுக்கு விழுந்தால் உக்குவதும் அங்கேதான்.

அரியும்போது 4 × 2 அங்குலக் கைமரத்தின் நாலங்குலப் பக்கம் மரத்தின் சுற்றை ஒட்டி வர வேண்டும். அப்படி எடுத்து, கூரையில் நிமிர்த்தி வைத்தால் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை முழுக்க வைரமாக இருக்கும். நாலங்குலத்தை மையத்தை நோக்கிப் போக விட்டால் ஒரு விளிம்பு வைரம், மறு விளிம்பு சோற்றி. அந்த மரம் வளைந்தே தீரும்.

ஆணியை நேரடியாக அடிக்க வேண்டாம். ஒன்றில் ஆணி வளையும், அல்லது மரம் நார் வழியே பிளக்கும். ஆணியின் தடிப்பில் எண்பது சதவீத அளவுத் துளை போட்டு அடியுங்கள். கையுறை இல்லாமல் பனைச் சிலாகையைத் தடவவும் வேண்டாம். பனஞ்சிராம்பு முறிந்து தசைக்குள் நின்றால் எடுப்பது பெரும்பாடு.

சிலாகை இடைவெளியை ஊரில் சொல்லும் கணக்கில் வைக்காதீர்கள். வாங்கிய ஓட்டில் பத்தைத் தரையில் ஒன்றோடொன்று கொளுவி அடுக்கி, முழுதாக நெருக்கி ஒருதரமும் முழுதாக இழுத்து ஒருதரமும் அளந்து, சராசரியை எடுங்கள். கைமரத்தின் நுனியைச் சுவருக்குள் வைத்துச் சீமெந்தால் மூடுவது இன்னொரு கெட்ட வழக்கம். சுற்றிவர அரை அங்குலம் காற்றுக்கு விட்டு, வெட்டுமுகத்துக்குத் தார் பூசி வையுங்கள்.

வளவில் நிற்கும் பனையைத் தறிப்பதாக இருந்தால் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதியின்றித் தறிக்க விடாது. உங்கள் காணி, உங்கள் மரம் என்பது அங்கே செல்லாது.

கொடிகாமம் வாசகர்: வன்னி முதிரை என்று சொல்லி நிலைக்கு மரம் தந்தார்கள். மஞ்சளாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டு முதிரையைப் போல் பாரமில்லை. எப்படிச் சோதிப்பது?

நிறத்தை நம்ப வேண்டாம். மஞ்சளை மலிவு மரத்துக்கும் பூசலாம். பலாவும் புதிதாக அரிந்தால் மஞ்சள்தான். நிறுத்துப் பாருங்கள்.

காய்ந்த பகுதியிலிருந்து 2 × 2 × 6 அங்குலத்தில் மூலைமட்டம் பார்த்து ஒரு துண்டு அரிந்து, சமையலறைத் தராசில் வையுங்கள். முதிரை என்றால் 380 கிராமுக்குக் கிட்ட நிற்கும். வேம்பு 275 அளவு, தேக்கு 255 அளவு, மகோகனி 215 அளவு. பாலை 430க்குப் போகும். தண்ணீரில் போட்டால் தாழும். முதிரை மட்டுமட்டாக மிதக்கும், உடலில் பெரும்பகுதி நீருக்குள் இருக்கும். மரத்துக்கு மரம் பத்து சதவீதம் கூடிக் குறையலாம். ஆனால் உங்கள் துண்டு 280 கிராம் காட்டினால் அது முதிரை இல்லை, பேச்சுக்கே இடமில்லை. பச்சை மரத்தில் இந்தச் சோதனை பொய் சொல்லும், ஏனென்றால் நீரின் பாரமும் சேர்ந்து வரும்.

பிறகு கூரிய உளியால் வெட்டுமுகத்தைச் சுத்தமாகச் செதுக்கிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முதிரையின் துவாரங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை. தேக்கிலோ வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துவாரங்கள் வரிசை கட்டி நிற்கும். மகோகனியிலும் பலாவிலும் துவாரங்கள் கண்ணாடி இல்லாமலே தெரியும். முதிரையைச் சீவினால் பட்டுப் பளபளப்பு வரும். நார் ஒரு பட்டை வலமும் அடுத்த பட்டை இடமுமாகச் சாய்ந்து போவதால் வெளிச்சத்தில் திருப்பத் திருப்பக் கோடுகள் இடம் மாறித் தெரியும். அந்த அழகுதான் சீவுளிக்குச் சிக்கல். எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு பட்டையாவது பிய்யும். அலகை நன்றாகத் தீட்டி, மெல்லிய சீவலாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும். கடைச்சல், தேய்ப்புக் கடதாசி போடும் வேலை என்றால் முழுக்கைச் சட்டையும் மூக்குமூடியும் போடச் சொல்லுங்கள்.

மானிப்பாய் வாசகி: வளவில் நிற்கும் வேம்பைத் தரகர் கேட்கிறார். சுற்றளவு 60 அங்குலம், நேரான துண்டு 12 அடி. 18 கன அடி சொச்சம்தான் வரும் என்கிறார். ஏமாற்றுகிறாரா? தேய்பிறையில்தான் தறிக்க வேண்டுமா?

அளவில் ஏமாற்றவில்லை. குற்றி மரத்தைக் கால்சுற்றுக் கணக்கில்தான் விற்பார்கள். சுற்றளவில் நாலில் ஒன்று 15 அங்குலம்; 15 × 15 = 225; அதை 12 அடியால் பெருக்கி 144ஆல் வகுத்தால் 18.75 கன அடி. உண்மையான உருளைக் கன அளவு 24 கன அடிக்குச் சற்றுக் குறைவு. அதாவது இந்தக் கணக்கு உண்மையில் 78.5 சதவீதத்தைத்தான் காட்டும். மீதி அரியும்போது போகும் பக்கப் பலகைக்கும் தூளுக்கும் என்பது வழக்கம். விலையும் அந்தக் கணக்குக்கே பேசப்படுகிறது, ஆகவே நட்டமில்லை. நட்டம் வருவது வேறு இடத்தில்: சுற்றளவை நுனியில் எடுப்பார்கள். நடுவில் எடுக்கச் சொல்லுங்கள். பட்டைக்குக் கழிப்பதென்றால் எவ்வளவு என்பதை அளக்கும் முன்பே பேசி வையுங்கள், அளந்த பிறகு பேசினால் உங்கள் கை தாழும்.

தேய்பிறைக்கும் உளுவுக்கும் நேரடித் தொடர்பு காட்ட முடியாது. தறித்த குற்றியை எத்தனை நாள் பட்டையோடு நிலத்தில் போட்டு வைக்கிறீர்கள் என்பதுதான் வேலை செய்யும். மாசி, பங்குனியில் தறித்து, இரண்டு கிழமைக்குள் அரிந்து, காற்றாட அடுக்கினால் போதும். கார்த்திகையில் தறித்துக் குற்றியை மழையில் விட்டால் பிறை எதுவானாலும் நீலம் (பூஞ்சணக் கறை) பாய்ந்து, பட்டைக்குக் கீழே புழு ஏறும்.

வேம்பில் கசப்பு இருப்பதால் பூச்சியே அண்டாது என்று நம்பி வெள்ளைப் பாகத்தையும் சேர்த்து நிலை செய்கிறார்கள். செந்நிறமான வைரம்தான் நன்றாகத் தாக்குப் பிடிக்கும். வெள்ளையைக் கழித்து விடுங்கள்.

சுன்னாகம் வாசகர்: பலா ஒன்றை அனுமதியோடு தறித்து இரண்டு அங்குலப் பலகையாக அரிந்தோம். ஒரு மாதத்தில் முனைகளெல்லாம் வெடித்து, சில பலகைகள் தோணி மாதிரி வளைந்து விட்டன. என்ன பிழை?

வெயிலில் சாத்தி வைத்திருப்பீர்கள். முனையின் வெட்டுமுகம் பலகையின் மற்றப் பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக நீரை விடும். முனை சுருங்கப் பார்க்கிறது, நடு இன்னும் பச்சை, இடம் கொடுக்காது, ஆகவே வெடிக்கிறது. அரிந்த அன்றே முனைகளுக்குத் தடித்த பெயின்றோ உருக்கிய மெழுகோ பூசியிருந்தால் பெரும்பாலான வெடிப்பு வந்திருக்காது. வெடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு இப்போதாவது பூசுங்கள்.

வளைவுக்குக் காரணம் வளையம். மையத்துக்கு அப்பால் அரிந்த பலகையில் பட்டைப் பக்க முகம் அதிகம் சுருங்கும், அந்த முகம் குழியும். இதை முழுதாகத் தடுக்க முடியாது, பாரம் வைத்துக் குறைக்கலாம்.

அடுக்கும் முறை: நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கல் தூண்கள், அவற்றின் தலைகள் ஒரே மட்டத்தில். மேலே பலகை ஒரு வரிசை. அதன் மேல் ஒரு அங்குலச் சதுரமான காய்ந்த இடைச்சட்டங்கள், இரண்டு அடிக்கு ஒன்று, இரண்டு முனையிலும் கட்டாயம் ஒவ்வொன்று. அடுத்த வரிசையின் இடைச்சட்டம் முந்தியதற்கு நேர் மேலே வர வேண்டும். விலகி வந்தால் அந்த இடத்தில் பலகை அலை அலையாகக் காயும், பிறகு எந்தச் சீவுளியும் அதை நேராக்காது. இடைச்சட்டங்களின் தடிப்பு ஒன்றாக இருப்பதும் அதே காரணத்துக்காகத்தான். கடைசி வரிசையின் மேல் கற்களை அடுக்கித் தகரத்தால் மூடுங்கள். பக்கங்களைப் பொலித்தீனால் சுற்ற வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். சோளகம் நேரே அறைகிற பக்கத்தில் மட்டும் ஒரு கிடுகுத் தட்டி கட்டுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் காய்ந்து வெடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்பதை நாள் கணக்கில் தீர்மானிக்காதீர்கள். பலகையின் முனையிலிருந்து ஒரு அடி தள்ளி, ஒரு அங்குலத் துண்டு வெட்டி உடனே நிறுங்கள். பிறகு 100 பாகையைச் சற்றுத் தாண்டிய சூட்டில், நிறை குறைவது நிற்கும்வரை அடுப்பில் வைத்து மறுபடி நிறுங்கள். குறைந்த நிறையைக் காய்ந்த நிறையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரம் வரும். 252 கிராம் துண்டு 210 ஆனால் 42 ÷ 210, அதாவது 20 சதவீதம். கதவு யன்னலுக்கு 15க்குக் கீழே வரட்டும். சதவீதம் 30க்கு மேல் இருக்கும்வரை மரம் சுருங்கவே தொடங்காது. "இரண்டு மாதமாக அப்படியே நிற்கிறது, காய்ந்துவிட்டது" என்று வேலைக்கு எடுப்பவர்கள் விழும் குழி அது.

பலாவின் மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். தவில் செய்கிறவர்கள் பலாவைத் தேடுவது போல் நல்ல தளவாடக்காரரும் தேடுவார்கள். வெட்டி எறிந்த முனைகளையும் விறகாக்கி விடாதீர்கள்.

நல்லூர் வாசகி: அலுமாரிக்குக் கீழே தினமும் தூள் விழுகிறது. கழிவு ஒயில் பூசினால் போகுமா?

முதலில் தூளை விரலில் எடுத்துத் தேயுங்கள். முகப்பவுடர் மாதிரி வழுக்கினால் அது உளு வண்டு. ஒன்று இரண்டு மில்லிமீற்றர் வட்டத் துளைகளும் தெரியும். அது வெள்ளைப் பாகத்தில் இருக்கும் மாச்சத்தைத் தின்னும், வைரத்தைத் தொடாது. நறநறவென்று மணியாக உருண்டால் அது உலர்மரக் கறையான். கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கம் தெரியும். இந்தக் கறையானுக்கு மண் புற்றும் வேண்டாம், நிலத்தோடு தொடர்பும் வேண்டாம், வைரத்திலும் இறங்கும். சுவரில் மண் குழாய் ஏறியிருந்தால் அது மூன்றாவது ஆள், நிலக்கறையான். அதற்கு மருந்து அலுமாரியில் அல்ல, அத்திவாரத்தில்.

கழிவு ஒயில் மேல்தோலில் நிற்கும், மணக்கும், பிறகு எந்தப் பூச்சும் அதன் மேல் ஒட்டாது. உடுப்பு வைக்கிற அலுமாரிக்கு அது ஆகாது. 10 லீற்றர் சுடுநீரில் 600 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 400 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, வார்ணிஷைச் சுரண்டி எடுத்த வெறும் மரத்துக்கு மூன்று தரம், ஒவ்வொன்றும் காய்வதற்குள் அடுத்ததாகப் பூசுங்கள். துளைகளுக்குள் ஊசியால் ஏற்றுங்கள். கையுறை அணியுங்கள்; காயும்வரை பிள்ளைகள் பக்கத்தில் வர வேண்டாம். காய்ந்த பிறகு வார்ணிஷ் அடித்து மூடலாம். வார்ணிஷின் மேல் பூசினால் ஒரு சொட்டும் இறங்காது. மழை படும் மரத்துக்கு இந்த மருந்து வீண், கழுவுப்பட்டுப் போய்விடும்.

பின்பலகை மாத்திரம் உளுத்திருந்தால் மருந்தைவிடப் பலகையை மாற்றுவது மலிவு.

நயினாதீவு வாசகர்: யன்னல் ஆணிகளைச் சுற்றி மரம் கறுத்து, ஆணி கரைந்து போகிறது. மரத்தின் பிழையா?

இரண்டும் சேர்ந்த பிழை. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கிறது, துரு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுக்கிறது. கடலோரத்தில் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் அல்லது பித்தளைத் திருகாணி மட்டும் போடுங்கள். பளபளக்கும் மெல்லிய முலாம் பூசிய ஆணி ஒரு மாரிக்குத் தாங்காது. பாலை, முதிரை போன்ற மரத்தில் பித்தளைத் திருகாணியை நேரே முறுக்கினால் தலை அறும். துளை போட்டு, முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கி மரையை வெட்டிய பிறகு, மெழுகு தடவிப் பித்தளையை ஏற்றுங்கள். சவர்க்காரம் தடவாதீர்கள், அது ஈரத்தை இழுக்கும்.

இருக்கும் கறையை, இரும்பை முழுதாகக் கழற்றிய பிறகு, ஒரு லீற்றர் சுடுநீரில் 50 கிராம் ஒக்சாலிக் அமிலம் கரைத்துப் பூசி எடுக்கலாம். அது நஞ்சு, கையுறை அவசியம், பிறகு நன்றாகக் கழுவ வேண்டும்.

அச்சுவேலி வாசகர்: மகோகனியில் வெளிக்கேற் செய்யலாமா?

வேண்டாம். தோட்டத்து மகோகனி இலகு, சீவ நன்று, அலுமாரிக்கும் கட்டிலுக்கும் அருமை. மழையும் மண்ணும் படுகிற இடத்தில் இளம் மரம் நிற்காது. கேற்றுக்குப் பாலை அல்லது முதிரை. விலை கட்டாவிட்டால் வேம்பின் வைரம். எதுவானாலும் அடிச்சட்டம் நிலத்திலிருந்து மூன்று அங்குலமாவது மேலே நிற்கட்டும், மேல் விளிம்பைத் தண்ணீர் வழிந்தோடச் சரித்துச் சீவுங்கள்.